முப்பத்துமூன்றில் கேட்ட குரல்

4 மார்ச்

‘இரைச்சல்’ தாள் எழுதும் ஐயாவுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. பொய்ப்பல் செய்யும் கூடம் ஒன்றில் வேலை செய்கிறேன். மருத்துவர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள்; நாங்கள் பல்வரிசை செய்து திருப்பி அனுப்புவோம். போன வாரம் ஒரு கீழ்த்தாடை அச்சு உங்கள் அறுபதாம் தாளில் சுற்றி வந்தது. குப்பையில் போடப்போன காகிதத்தில் ஒரு இசைத்தட்டு உறையின் படம் கண்ணில் பட்டது: சாக்கடை மூடி. முப்பத்தோரு வருடமாக நான் பார்க்காத படம். நின்றபடியே இரண்டு பக்கமும் படித்தேன்.

பழைய சாமான் கடையில், உடைந்த மின்விசிறிகளுக்கு அடியில், பெயரில்லாத அந்தத் தட்டைக் கண்டெடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். இத்தனை வருடம் கேட்ட இரைச்சல் ராக் தட்டுகளில் இதற்கே முதலிடம் என்கிறீர்கள். கிதாருக்கு இரண்டு வரி. மற்றதெல்லாம் அந்தக் குரலுக்கு. “இரும்புச் சங்கிலியைத் தரையில் இழுத்துக்கொண்டு வரும் பெரிய மனிதர். ஐம்பது வயதுக்குக் குறையாது. உலைக்கூடத்தில் வேலை பார்த்திருக்க வேண்டும்.” கடைசியில், “இப்படிக் கத்த ஆணின் நெஞ்சுக்கூடு வேண்டும். பெண்கள் பாடட்டும், இரைச்சலை எங்களிடம் விட்டுவிடட்டும்.”

ஐயா, அந்தப் பெரிய மனிதர் நான்தான். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. எடை நாற்பத்தோரு கிலோ.

பெரிய தட்டு என்றால் நிமிடத்துக்கு முப்பத்துமூன்று சுற்று, சின்னது என்றால் நாற்பத்தைந்து என்பது வழக்கம்தான். ஆனால் இது நாற்பத்தைந்தில் ஓட வேண்டிய பெரிய தட்டு. நீங்கள் மெதுவாக ஓடவிட்டு, ஒரு பெண்ணின் குரலை ஆணாக்கி, பிறகு அந்த ஆணைப் புகழ்ந்து, அதே மூச்சில் பெண்ணுக்குப் புத்தியும் சொல்லியிருக்கிறீர்கள். அடுத்த தாளில் திருத்தம் போடுங்கள். வேறொன்றும் வேண்டாம்.

பல்லுக்காரி


11 மார்ச்

பெயர் போடாமல் கடிதம் போட்ட அம்மாவுக்கு,

பெயர் இல்லாததில் எனக்கு வருத்தமில்லை. நானும் தாளில் ‘லிஃப்ட்காரன்’ என்றுதான் கையெழுத்திடுகிறேன். அது சும்மா வைத்த பெயரல்ல. முப்பத்துநான்கு வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவன் நான். ஆறு மாடி கீழே நின்றுகொண்டு, உச்சியில் இருக்கும் மோட்டாரில் பேரிங் தேய்ந்திருக்கிறதா, வேகம் குறைந்திருக்கிறதா என்று காதாலேயே சொல்வேன். பொறியாளர்கள் மீட்டரோடு வந்து அரை நாள் தடவிவிட்டு, நான் சொன்னதையே எழுதிக்கொண்டு போவார்கள். சம்பளம் அவர்களுக்கு, கிரீஸ் எனக்கு. அதைப் பேச இப்போது நேரமில்லை.

இரைச்சலைக் கேட்க எனக்கு எவனும் சொல்லித்தரவில்லை. இரண்டு பேஸ் கிதாரும் ஒரு சலவை இயந்திரமும் மட்டும் ஒலிக்கும் தட்டை, இறந்துபோன ஒருவரின் வீட்டைக் காலி செய்தபோது கண்டுபிடித்தவன் நான். மூன்று பேர் சேர்ந்து ஒரே தந்தியை இருபது நிமிடம் அராவும் தட்டை, மழையில் நனைந்த அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து, துணி காயப்போடும் கொடியில் உறையைக் காயவைத்தவன் நான். படித்தவர்கள் பத்து வருடம் கழித்து வந்து அவற்றையெல்லாம் அபூர்வம் என்றார்கள். என் தாளுக்கு நாற்பத்துமூன்று வாசகர்கள். அதில் ஒருவர் அச்சகத்தில் பிழைதிருத்துகிற வேலையில் இருப்பவர். ஒவ்வொரு தாளையும் பேன் பார்ப்பதுபோலப் பார்ப்பார். அவராலேயே இந்த அறுபது தாளில் ஒரு திருத்தம் போடவைக்க முடிந்ததில்லை.

உங்கள் பேச்சை மதித்து நாற்பத்தைந்திலும் போட்டுப் பார்த்தேன். கொசுக்கூட்டம். பெரிய தட்டு முப்பத்துமூன்றில்தான் ஓடும். குரல் ஆணின் குரல்தான். நீங்கள்தான் பாடினீர்கள் என்றால் அத்தாட்சி காட்டுங்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று யாரும் என்னிடம் வர வேண்டாம்.

லிஃப்ட்காரன்


19 மார்ச்

லிஃப்ட்கார ஐயாவுக்கு,

அத்தாட்சி கேட்டீர்கள்.

டயர் புதுப்பிக்கும் கடையின் பின்னறை. ரப்பர் கருகிய வாடை. மூன்று பேர். கிதாரும் குரலும் நான். பேஸ் வாசித்தவன் அந்தக் கடையிலேயே வேலை பார்த்தவன். முரசுக்குப் பதில் எண்ணெய் பீப்பாயை அடித்தவள் என்னோடு படித்தவள். நான் கிதாரை ஒலிபெருக்கியின் வாயருகே பிடிப்பேன். அது தன்னாலே ஊளையிட ஆரம்பிக்கும். அந்த ஊளைக்கு மேல் நான் கத்த வேண்டும். தட்டு அச்சடித்துக் கொடுத்தவர் சொன்னார்: “வேகமா ஓடுனா சத்தம் தடிப்பா இருக்கும்மா. பெரிய தட்டுலயே நாப்பத்தஞ்சு போட்டுக்கலாம்.” சரி என்றோம். இருநூறு தட்டு. நடுவில் ஒட்டும் வெள்ளைத்தாளில் வேகத்தை எழுதுவது என் வேலை. சாக்கடை மூடியில் மை தடவி உறைகளில் முத்திரை குத்துகிற ஆனந்தத்தில் அதை மறந்துவிட்டேன். ஆகவே பிழையின் முதல் பாதி என்னுடையது. அதை ஒத்துக்கொள்ள எனக்கு அறுபது தாள் தேவைப்படவில்லை.

இரண்டாம் பக்கத்தின் முடிவைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள்: “எலும்பு ஒன்று முறிகிறது. அதன்பின் அந்த மனிதர் வலியில் நெடுநேரம் முனகுகிறார். இந்த முனகலைக் கேட்டு நான் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை.” ஐயா, முறிந்தது நாற்காலியின் கால். நாற்காலியில் ஏறி நின்றது நான். விழுந்த பிறகு நான் சிரிக்கிறேன். மற்ற இரண்டு பேரும் சிரிக்கிறார்கள்.

நாற்பத்தைந்தில் கேட்ட எவருக்கும் அது சிரிப்பு என்று தெரிந்திருக்கும். நீங்கள் கேட்கவே இல்லை. கொசுக்கூட்டம் என்று எழுதியது பொய்.

பல்லுக்காரி


2 ஏப்ரல்

அம்மாவுக்கு,

பொய்தான்.

உங்கள் முதல் கடிதம் வந்த அன்றே வேகத்தை மாற்றும் குமிழைத் திருப்பக் கையை நீட்டினேன். திருப்பவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள். உங்கள் இரண்டாவது கடிதம் வந்தபிறகு ஒன்பது நாள் அந்தத் தட்டு இருந்த அலமாரிப் பக்கமே போகவில்லை. நேற்றுக் காலை எல்லோரும் வேலைக்குப் போனபிறகு போட்டேன். மருமகள் போகவில்லை என்பது தெரியாது. அடுக்களையிலிருந்து வந்து எட்டிப்பார்த்து, “என்ன மாமா, ரெண்டு மாசமா ஒரு ஆம்பளை கத்திக்கிட்டு இருந்தாரு, இன்னைக்குப் பொம்பளைய விட்டுட்டீங்க?” என்றாள். அதே ஆள்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அது சிரிப்புதான். இரண்டு பெண்கள், ஒரு ஆண். அந்தச் சிரிப்பைக் கேட்டு நான் கண் கலங்கியிருக்கிறேன். கலங்கியதைப் பெருமையாக எழுதி நாற்பத்துமூன்று பேருக்கு அனுப்பியும் இருக்கிறேன். மோட்டார் மெதுவாக ஓடுகிறது என்று ஆறு மாடி தள்ளி நின்று சொன்னவன். இரண்டு முழத் தூரத்தில் ஒரு தட்டு மெதுவாக ஓடுவது இரண்டு மாதமாக என் காதுக்குத் தெரியவில்லை. நெஞ்சுக்கூட்டைப் பற்றிய வரியை இன்னொரு முறை படிக்கக் குனிந்தேன். முடியவில்லை. தாளைத் திருப்பி வைத்துவிட்டேன்.

முடிவெடுத்துவிட்டேன். அறுபத்தோராம் தாளின் முதல் பக்கம் முழுக்கத் திருத்தம். பெரிய எழுத்தில். வேகம் நாற்பத்தைந்து, குரல் பத்தொன்பது வயதுப் பெண்ணுடையது, எழுதியவன் முட்டாள். சிறந்த தட்டு என்றால் அதன் வரிகளையும் முழுதாக அச்சிடுவது என் வழக்கம். இப்போதுதான் வார்த்தை காதில் விழுகிறது. ஒரே வாக்கியம், நாற்பது தடவை, ஒவ்வொரு தடவையும் வேறுமாதிரி. அதையும் அச்சிடுகிறேன். யார் யாரிடம் சொன்ன வாக்கியமோ தெரியாது. கேட்டபோது என் முதுகு கூசியது.

பிழைதிருத்துபவர் இதைச் சட்டம் போட்டு மாட்டுவார். மாட்டட்டும். நீங்கள் பெருந்தன்மையாக வேண்டாம் என்று சொன்னாலும் நிறுத்தமாட்டேன். நான் ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான்.

லிஃப்ட்காரன்


8 ஏப்ரல்

ஐயா,

அச்சுக்குப் போய்விட்டதா? போகவில்லையென்றால் நிறுத்துங்கள். பெருந்தன்மையால் கேட்கவில்லை. காலில் விழாத குறையாகக் கேட்கிறேன்.

போன வாரம் உங்களுக்குப் புது வாசகர் ஒருவர் எழுதியிருப்பார். தாள் வேண்டும் என்று பெரிய பெரிய எழுத்தில். கிதாருக்கு இரண்டு வரி போதாது என்று சண்டையும் போட்டிருப்பார். அது என் அக்கா.

எனக்கு ஆறு வயதில் அம்மா போய்விட்டாள். அக்காவுக்குப் பதினைந்து. என்னை வளர்த்தது அவள்தான். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் விரிப்பு இஸ்திரி போட்டு என்னைப் படிக்கவைத்தாள். இருபத்துநாலு வயதில் அவளுக்குக் கல்யாணம் ஆனது. பதினோராம் நாள் அந்த ஆள் அவளைப் பெட்டியோடு கொண்டுவந்து வாசலில் விட்டான். விடும்போது அவளுடைய உடம்பைப் பற்றி ஒரு வாக்கியம் சொன்னான். அதை அவள் வேறு யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் மட்டும், ஒரே ஒரு தடவை, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னாள்.

நான்கு வருடம் கழித்து, பரீட்சைக்குப் படிக்காமல் கிதாரோடு கிடந்ததற்காக, துணி வெட்டும் கத்தரியால் என் கிதார் ஒயரை வெட்டினாள். “இது பாட்டாடி? தகரத்தை ஆணியால கீறுற மாதிரி இருக்கு” என்றாள். எனக்கு வெறி. அந்த வாரம்தான் தட்டுக்குப் பதிவு செய்தோம். என்ன கத்துவது என்று மற்ற இருவரும் கேட்டார்கள். எனக்குத் தெரிந்த வாக்கியங்களிலேயே அதிகம் வலிக்கும் வாக்கியம் எது என்று யோசித்தேன். நீங்கள் எண்ணியது சரி. நாற்பது தடவை.

அவள் கேட்க வேண்டும் என்றுதான் செய்தேன். தட்டு வந்த அன்றே கேட்டாள். பக்கத்து வீட்டுப் பிளேயரை இரவல் வாங்கிவந்து, பெரிய தட்டுதானே என்று முப்பத்துமூன்றில் வைத்தாள். இரண்டு பக்கமும் உட்கார்ந்து கேட்டாள். “ஒரு எழவும் புரியல. ஆனா நீ செஞ்சது, நல்லாத்தான் இருக்கும். கத்துறது யாருடி, அந்த டயர்க்கடைக்காரனா?” ஆமாம் என்றேன். வேகம் தப்பு என்று சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டேன். மிச்சத் தட்டுகளைக் கிடைத்த இடத்தில் தள்ளிவிட்டேன். ஒன்றை மட்டும் அவள் எடுத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு நான் கிதாரைத் தொடவில்லை.

உங்கள் தாளை நான்தான் புத்திகெட்டுப்போய் அவளிடம் காட்டினேன். யாரோ என்னைப் புகழ்ந்தால் எனக்கும் ஆசையாகத்தானே இருக்கும். தட்டைக் கேட்கப் பழைய பிளேயர் ஒன்றையும் வாங்கிவைத்துக்கொண்டு, இப்போது அடுத்த தாளுக்காகத் தபால்பெட்டியைத் திறந்து திறந்து பார்க்கிறாள். வரிகள்கூட வேண்டாம், நாற்பத்தைந்து என்ற எண் மட்டும் அச்சில் வந்தால் போதும், அவளே போட்டுக் கேட்டுவிடுவாள்.

திருத்தம் போடுங்கள் என்று கத்தினவளும் நான்தான். தெரியும்.

பல்லுக்காரி


17 ஏப்ரல்

அம்மாவுக்கு,

கோபத்தோடுதான் எழுதுகிறேன். அறுபத்தெட்டு வயதில், வாழ்க்கையில் முதல்முறையாக, தப்பு என்று ஒத்துக்கொள்ள உட்கார்ந்தேன். முதல் பக்கம் முழுக்க எழுதி முடித்திருந்தேன். நன்றாகவும் வந்திருந்தது. அதை நீங்கள் பிடுங்கிக்கொண்டீர்கள்.

நீங்கள் செய்தது களவு. ஒருத்தி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னதை எடுத்துப் பீப்பாயைத் தட்டிப் பாடியிருக்கிறீர்கள். இதை எழுத எனக்கு அருகதை இல்லை. அந்த நாற்பது தடவையில் எது சிறந்தது என்று பென்சிலால் குறித்துவைத்திருப்பவன் நான். இருபத்தாறாவது. அதையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் மட்டும் வெட்கப்பட்டால் நியாயமாகாது.

எழுதியதைக் கிழித்துவிட்டேன். வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். விடுவார்களா? பிழைதிருத்துபவர் இந்தத் தட்டின் பிரதி ஒன்றை எங்கிருந்தோ பிடித்துவிட்டார். நாற்பத்தைந்தில் போட்டுப் பார்த்திருக்கிறார். “உலைக்கூடத்துப் பெரியவருக்குத் திடீரென்று பெண்குரல் வந்திருக்கிறதே, இனிமேல் லிஃப்ட்காரர் படிக்கட்டில் ஏறுவது நல்லது” என்று எழுதி, நாற்பத்துமூன்று பேருக்கும் நகல் அனுப்பிவிட்டார். அவரிடம் இருப்பது பழைய பட்டியல். உங்கள் அக்காவின் விலாசம் அதில் இல்லை. ஆனால் தாடையைச் சுற்றி அனுப்பிய அந்தப் பல் மருத்துவர் இருக்கிறார். அவர் உங்களிடமோ அக்காவிடமோ இதைச் சொல்லிச் சிரிக்க எத்தனை நேரமாகும்?

ஆகவே நான் செய்யப்போவதைச் செய்யப்போகிறேன். தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். யோசனை எதுவும் சொல்லி எழுத வேண்டாம்.

லிஃப்ட்காரன்


12 மே

ஐயா,

அறுபத்தோராம் தாள் வந்தது. எனக்கு முன்னால் அக்கா படித்துவிட்டாள்.

“பெரிய தட்டு முப்பத்துமூன்றில்தான் ஓடும். அதைச் செய்தவர்களே எனக்குக் கைப்பட எழுதியிருக்கிறார்கள். நாற்பத்தைந்தில் போடுகிறவன் தன் காதைக் கழற்றி ஆணியில் மாட்டலாம். குரல் ஆணின் குரல். இதில் திருத்தம் இல்லை, இனியும் இராது.” பொய் என்று தெரிந்தே, பொய் என்று தெரிந்தவர்களின் முன்னால் இதை எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பல் மருத்துவர் நேற்று அச்சு கொடுக்க வந்தபோது, “கிழவருக்குக் காது போச்சு, ஒத்துக்க மாட்டேங்கிறாரு, பாவம்” என்றார். கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். பல்லை ராவிக்கொண்டே நான் தலை நிமிரவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன்.

தாளைப் படித்துவிட்டு அக்கா சிரித்தாள். “எவனோ ஒரு கிறுக்கன் நாப்பத்தஞ்சுல போட்டானாம்டி. எப்படித்தான் இருக்கும்? போட்டுப் பார்ப்போமா?” என்று பெட்டியிலிருந்து தட்டை எடுத்துவிட்டாள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஊசி கெட்டுவிடும், தட்டு கீறிவிடும் என்று பத்துக் காரணம் வாய்க்கு வந்தது. எனக்காக ஒருவர் ஊர் சிரிக்க நின்றிருக்கும்போது, பதினோராவது காரணம் தேட எனக்குக் கூச்சமாக இருந்தது. குமிழை நானே திருப்பினேன்.

அவள் கையில் இஸ்திரிப் பெட்டி இருந்தது. மூன்றாவது தடவையிலேயே அவளுக்குக் கேட்டுவிட்டது. முகம் மாறவில்லை. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். பக்கம் முடியும்வரை நின்றாள். நாற்பதும் கேட்டாள்.

“இது நீயா?”

“நான்தான்க்கா.”

“டயர்க்கடைக்காரன்னு சொன்ன.”

“பொய் சொன்னேன்.”

ஊசியைத் தூக்கி ஓரமாக வைத்தாள். பிறகு, “அந்தப் பெரியவர் சொன்ன வேகத்துல போடு” என்றாள். போட்டேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து கேட்டாள். முடிந்ததும், “இதுல யாரு கத்துறா, என்ன கத்துறான்னு தெரியல. இது இப்படியே இருக்கட்டும்” என்றாள். தட்டைத் துடைத்து, உறையில் போட்டு, பெட்டியில் வைத்துப் பூட்டினாள். அந்தப் பெட்டியைப் பூட்டி நான் பார்த்ததே இல்லை.

ஆறு நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு எடுத்துவைத்தாள்; என் துணியையும் சேர்த்துத்தான் இஸ்திரி போட்டாள். என் சட்டைக் காலர் எப்போதையும்விட விறைப்பாக இருந்தது. ஏழாம் நாள் பேசினாள். “நாலு வருஷம் மனசுல வச்சிருந்தியா அத?” என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்த துணியை எடுத்து விரித்தாள்.

இனி மறைக்க ஒன்றுமில்லை. நீங்கள் உண்மையை அச்சிடலாம். உங்கள் மானத்தை நான் அடகு வைத்திருந்தேன். திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பல்லுக்காரி


29 மே

அம்மாவுக்கு,

என் தாளைப் படித்துத்தான் அவர் தட்டை எடுத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த எண்ணை அச்சில் வரவிடாதீர்கள் என்று நீங்கள் கெஞ்சினீர்கள். நான் திட்டுகிற வேகத்தில் அதையே அச்சிட்டேன். வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். என் குணம் என்னை விடவில்லை. காப்பாற்றுகிறேன் என்று போய் நானே கதவைத் திறந்துவிட்டேன். இதற்கு எந்தத் தாளில் திருத்தம் போடுவது?

பதினொரு பேர் தாள் வேண்டாம் என்று எழுதிவிட்டார்கள். பிழைதிருத்துபவர் மட்டும் விலகவில்லை. என்னை விட்டால் அவருக்கு வேறு யார் இருக்கிறார்கள்? மருமகள் காது டாக்டரிடம் கூட்டிப்போகிறேன் என்று நாள் குறித்திருக்கிறாள். போகப்போகிறேன்.

வேகத்தைப் பற்றி அச்சிடலாம் என்கிறீர்கள். முடியாது. எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்று உங்கள் அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டார். அது அவருடைய வாக்கியம். உங்களுடையதும் அல்ல, என்னுடையதும் அல்ல. என்னைப் பொறுத்தவரை பெரிய தட்டு முப்பத்துமூன்றில்தான் ஓடும். என் பிரதியில் வேகம் எழுத இடம் விட்டிருந்த வெள்ளைத்தாளில் பேனாவால் அப்படியே எழுதிவிட்டேன். நான் போனபிறகு அது எந்தப் பழைய சாமான் கடைக்குப் போனாலும், எடுக்கிறவன் அந்த வேகத்தில்தான் போடுவான்.

அறுபத்திரண்டாம் தாளை இதோடு வைத்திருக்கிறேன். அக்காவுக்குத் தனிப் பிரதி. முதல் ஒன்றரைப் பக்கம் கிதாரைப் பற்றி மட்டும் எழுதியிருக்கிறேன். எழுதுவதற்காக எட்டு முறை கேட்டேன். குரலின் பின்னால் ஓடியதால் அதை முதலில் நான் கவனிக்கவே இல்லை. தகரத்தை ஆணியால் கீறுகிற மாதிரி இருக்கிறது என்று ஒருவர் சொன்னாராம். அதைவிடச் சரியாக என்னால் சொல்ல முடியவில்லை. அந்த வரியைப் பெயர் சொல்லாமல் பாராட்டாக எடுத்துப் போட்டிருக்கிறேன். கோபித்துக்கொள்வாரா என்று கேட்டு எழுதுங்கள்.

கடைசிப் பக்கத்தின் அடியில் பாருங்கள். அறுபத்திரண்டு தாளில் முதல் திருத்தம். சின்ன எழுத்துதான். பெரிதாகப் போட்டுப் பார்த்தேன், கண்ணை உறுத்தியது.

“அறுபதாம் தாளில், கத்துவதற்கு ஆணின் நெஞ்சுக்கூடு வேண்டும் என்று எழுதியிருந்தேன். தவறு. காரணம் கேட்க வேண்டாம்.”

பிழைதிருத்துபவர் காரணம் கேட்டு நேற்றே எழுதிவிட்டார்.

லிஃப்ட்காரன்